அரைக்காதன் எந்தப் பக்கம் உட்கார்ந்தான்

ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போனது. அதில் பாதி பொய்யாகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

வந்து சேர்ந்துவிட்டேன். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. கீழே டயர் கடை. காலையில் அவர்கள் காற்றடிக்கும் இயந்திரத்தைப் போடும்போது என் கட்டில் லேசாக அதிரும். ஒரு நாற்காலி, ஒரு மேசை, பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஜன்னல். தொட்டி தினமும் நிரம்பி வழிகிறது. மோட்டாரை நிறுத்த யாரும் வருவதில்லை. முதல் இரண்டு நாள் ஜன்னலில் நின்று கத்திச் சொல்லிப் பார்த்தேன். இப்போது நானும் விட்டுவிட்டேன்.

போனில் பேச வேண்டாம், கடிதம் எழுதுங்கள் என்று ஏன் சொன்னேன் என்று ரயில் ஸ்டேஷனில் கேட்டீர்கள். அந்தச் சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் குரல் நல்ல குரல். உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிற வயதானவர்களை இருட்டறையில் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா" என்று சலிக்காமல் கேட்பீர்களே, அந்தக் குரல். லென்ஸ் கம்பெனியிலிருந்து மாதிரிப் பெட்டியோடு வரும் அந்தப் பெண்ணோடு நீங்கள் பழகிய எட்டு மாதமும், "கடைல இன்னிக்கு வேலை ஜாஸ்திம்மா" என்று என்னிடம் சொன்னதும் அதே குரல்தான். ஒரு சுருதிகூட மாறவில்லை. எது எப்போது என்று பிரித்துக் கேட்க என் காதுக்குத் தெரியவில்லை. எழுத்தில் குரல் இருக்காது. அதனால் எழுதுங்கள்.

என் வேலை நவம்பரோடு முடிகிறது. நம் வீட்டு வாடகை ஒப்பந்தமும் அதே மாதத்தோடு முடிகிறது. அதற்குள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, சொல்வேன். திரும்பி வருகிறேனா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. அவசரப்படுத்தாதீர்கள்.

சமையலறைக் குழாய்க்கு வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டாவது இழுப்பறையில், தீப்பெட்டிகளுக்குக் கீழே.

இப்படிக்கு,
நான்

~

ஜூன் 22

என் எலி டாக்டருக்கு,

சொன்னபடி எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. சீட்டில் எழுதுவதெல்லாம் பிளஸ், மைனஸ், அவ்வளவுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வாஷர் மாற்றினேன். குழாய் இன்னும் சொட்டுகிறது. கீழே ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. அவளோடு எல்லாம் முடிந்துவிட்டது. கம்பெனியில் சொல்லி வேறு ஆளை அனுப்ப வைத்தேன். இப்போது ஒரு வழுக்கைத்தலை மனிதர் வருகிறார். லென்ஸைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்லதுதான்.

இரண்டாவது. நீ இல்லாத வீட்டில் மாலை நேரம் போகமாட்டேன் என்கிறது. அதனால் உன் அலமாரிப் புத்தகங்களையும், பழைய அறிவியல் பத்திரிகைகளையும் எடுத்துப் படிக்கிறேன். எனக்குப் புரிகிற அளவுக்குத்தான். பாலூட்டிகளில் நூற்றுக்குப் பத்துகூட ஒரே துணையோடு வாழ்வதில்லையாம். பறவைகள் பரவாயில்லை என்று பார்த்தால், அன்னப்பறவை, அதாவது கவிஞர்கள் எல்லாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற அதே அன்னம், அதன் குஞ்சுகளின் ரத்தத்தைச் சோதித்தால் சிலவற்றுக்குத் தகப்பன் வேறாம். படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் எத்தனையோ லட்சம் வருஷமாக உடம்புக்குள் ஊறிப்போன ஒன்றை, பதிவு அலுவலகத்தில் போட்ட ஒரு கையெழுத்து தடுத்து நிறுத்திவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? இயற்கை என்று ஒன்று இருக்கிறது இல்லையா? உன்னைவிட இது யாருக்குத் தெரியும். நீ படித்தவள், கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு விஞ்ஞானியாக யோசித்துப் பார்.

அம்மா விசாரித்தாள். வீட்டுக்காரரும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன், அவள் சொல்லட்டும் என்று.

உன்,
கண்ணாடிக்காரன்

~

ஜூலை 5

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதியது எதுவும் பொய்யில்லை. அதுதான் சங்கடம். பொய் என்றால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

உங்கள் அம்மா இதையே ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தபடியே சொன்னார்: "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். நீதான் அனுசரிச்சுப் போகணும்." அதற்கு நீங்கள் நான்கு பக்கமும் ஓர் அன்னப்பறவையும் எடுத்துக்கொண்டீர்கள்.

மிருகங்களைச் சாட்சிக்குக் கூப்பிட ஆரம்பித்தால் முடிவே இருக்காது. உங்களுக்கு அன்னம் கிடைத்தால் எனக்கு ஒரு பிணந்தின்னிக் கழுகு கிடைக்கும். அதன் கூடுகளில் எடுத்த ரத்தத்தைச் சோதித்தவர்கள் ஒரு கள்ளத் தகப்பனைக்கூடக் காணவில்லை. அழகான பறவை ஏமாற்றுகிறது, பிணம் தின்கிற பறவை ஏமாற்றுவதில்லை. இதிலிருந்து என்ன பாடம் எடுப்பீர்கள்? ஒரு பூச்சியும் இருக்கிறது. சில நேரம் கூடிக்கொண்டிருக்கும்போதே பெண் ஆணின் தலையைத் தின்றுவிடும். அதுவும் இயற்கைதான். அதை நான் என் தரப்பில் இன்னும் கூப்பிடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை. இப்போது படிக்கிற ஆசை வந்திருப்பதால் சொல்கிறேன். எங்கள் எலி வீட்டு எலி இல்லை. புல்வெளியில் வளை தோண்டி வாழ்கிற ஒரு வகை. உருண்டை முகம், கட்டை வால். ஆணும் பெண்ணும் ஒரு முறை ஜோடி சேர்ந்துவிட்டால் ஒரே வளையில் சேர்ந்தே இருக்கும், குட்டிகளைச் சேர்ந்தே பார்க்கும். அது எவ்வளவு உறுதி என்று பார்க்க மூன்று அறை கொண்ட ஒரு நீளமான பெட்டி வைத்திருக்கிறோம். ஒரு கோடியில் உள்ள அறையில் அதன் துணை, ஓடிவிடாதபடி மெல்லிய கயிற்றில். மறு கோடியில் அது பார்த்தேயிராத ஒரு பெண் எலி, அதுவும் கயிற்றில். நடு அறையில் ஆணைக் கயிறில்லாமல் விட்டுவிடுவோம். மூன்று மணி நேரம். மேலே கேமரா.

யாரோடு கூடுகிறது என்பதை நாங்கள் பெரிதாக எழுதிக்கொள்வதில்லை. யார் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து தூங்குகிறது என்பதுதான் கணக்கு. காது பாதி கிழிந்த ஒரு கிழவன் இருக்கிறான், அரைக்காதன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் புதியவளிடம் போனான். கூடவும் செய்தான். பிறகு எழுந்து, நடு அறையைத் தாண்டி, துணையின் பக்கத்தில் போய், அவள் முதுகில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டான். மீதி நேரம் முழுவதும் அசையவில்லை. எங்கள் துறையில் ஒருதுணை வாழ்க்கை என்று சொல்வது இதைத்தான். இதை உங்களுக்கு எழுதுவது ஆபத்து என்று தெரிந்தே எழுதுகிறேன். மறைத்தால் நானும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடுவேன்.

இதை வைத்து மனிதர்களைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா என்று எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எலி ஏன் அங்க உக்காருதுன்னு பாதி கண்டுபிடிக்கவே எனக்கு முடி நரைச்சிடுச்சு. மனுஷனை வேற யாராவது பாத்துக்கட்டும்."

கிண்ணத்தைத் தினமும் கொட்டுங்கள். கொசு வரும்.

இப்படிக்கு,
நான்

~

ஜூலை 17

என் எலி டாக்டருக்கு,

உன் கடிதம் வந்த அன்று கடையில் கூட்டம். இருட்டறைக்குள் போய் டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். வெளியே ஓர் அம்மா, உள்ளே யாருக்குக் கண் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

அரைக்காதனைப் பற்றிப் படித்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நீயே சொல்லிவிட்டாய். போனான், எழுந்தான், வந்தான், துணையின் முதுகில் தாடையை வைத்துப் படுத்தான். அது நான்தான். எட்டு மாதத்தில் ஒரு ராத்திரியாவது வீட்டுக்கு வராமல் இருந்திருக்கிறேனா? போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது வாரம் முழுக்கக் கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது யார்? உன் கேமரா நம் வீட்டு மேல்சுவரில் இருந்திருந்தால் என்ன எழுதியிருக்கும், நீயே சொல். உங்கள் கணக்குப்படி நான் நல்ல எலிதானே?

சிரிப்பதற்காக எழுதினேன். பாதி நிஜமாகவும்தான். அங்கே போனது ஒரு மாதிரி, உன்னிடம் வந்தது வேறு மாதிரி. இரண்டும் ஒன்றல்ல. இதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, உன் எலி செய்து காட்டிவிட்டது.

வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் போட்டுவிடட்டுமா? ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார்.

உன்,
அரைக்காதன் (அனுமதி உண்டுதானே?)

~

ஜூலை 29

அன்புள்ள உங்களுக்கு,

அனுமதி இல்லை.

கேமரா இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்கும்: துணையை ஒட்டி உட்கார்ந்திருந்தது, வாரம் முழுவதும். அதுதான் கேமராவின் குறை.

அந்தக் காய்ச்சல் வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தீர்கள். போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, திரையைக் கீழே கவிழ்த்து மேசையில் வைத்தீர்கள். யார் என்றேன். "கடைலேர்ந்து." போய்விட்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீங்கள் துணியைப் பிழிந்தபடி, "உன்ன இப்படி விட்டுட்டு நான் எங்க போறது" என்றீர்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான். விஷயம் தெரிந்த பிறகு நீங்கள் யாரோடு எங்கே போனீர்கள் என்பதைவிட, அந்த வாக்கியம் உண்மையா பொய்யா என்பதைத்தான் மறுபடி மறுபடி யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

அரைக்காதன் துணையின் பக்கத்தில் வந்து படுக்கும்போது எதையும் கவிழ்த்து வைப்பதில்லை. அவனுக்குச் சொல்லவும் எதுவும் இல்லை, மறைக்கவும் எதுவும் இல்லை. நம் இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது. வித்தியாசம் அங்கே ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். கோடி வருஷத்து உடம்பு உங்களை அவளிடம் தள்ளியிருக்கலாம், எனக்குத் தெரியாது. "கடைலேர்ந்து" என்று சொல்ல வைத்தது எந்த மிருகம்?

கோபமாக எழுதுவதாக நினைக்காதீர்கள். கோபத்துக்குத் தெம்பு வேண்டும். கொஞ்ச நாள் எழுத மாட்டேன்.

நான்

~

செப்டம்பர் 2

அன்புள்ள உனக்கு,

அஞ்சலட்டையில் இடமில்லை. உன் கடிதத்துக்கு நான்கு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். நாலிலும் ஏதோ ஒரு மிருகம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் மறுபடி கேட்கிறார். நவம்பர் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். குழாய்க்கு ஆள் வந்து போனார். மேலே உள்ள பைப்பே ஓட்டையாம், கோளாறு வாஷரில் இல்லையாம்.

கண்ணாடிக்காரன்

~

செப்டம்பர் 20

அன்புள்ள உங்களுக்கு,

இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் இந்த ஊரில் எனக்குச் சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை. அதுவும் ஒரு களைப்புதான்.

போன வாரம் காலைச் சோதனை நடந்துகொண்டிருந்தது. எலி அறையில் குளிர்சாதனம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. எனக்கு நிற்கவே தெம்பில்லை. பெட்டிக்குப் பின்னால் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுகமாக இருந்தது. கண் சொக்கியது. ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது என்று அப்புறம்தான் தோன்றியது. கையை வைத்துப் பார்த்தேன். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் கூண்டு கழுவுகிற அறை. கழுவிய கூண்டுகளை நீராவியில் வேகவைக்கிற பெரிய இயந்திரம் அங்கே அந்தச் சுவரை ஒட்டித்தான் நிற்கிறது. தினமும் காலையில் ஓடும். நான் சோதனை செய்வதும் காலையில்தான்.

இனிமேல்தான் என் முட்டாள்தனம். பக்கத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்பது விதி. துணையை ஒரு நாள் இந்தக் கோடி, மறுநாள் அந்தக் கோடி. எலிக்கு ஒரு பக்கம் பிடித்துப்போய் அங்கே உட்கார்ந்தால் அதைப் பாசம் என்று நாம் எழுதிவிடக் கூடாதே. நான் விதிப்படி பெட்டியைத் திருப்பினேன். ஒவ்வொரு நாளும் தவறாமல் திருப்பினேன். ஆனால் எலிகளைத் திருப்பவில்லை. புதிய பெண் எலியை ஒவ்வொரு முறையும் கதவு வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும், அது மிரண்டு கத்தும். அதனால் பெட்டியை எப்படித் திருப்பினாலும் அதைக் கதவுப் பக்கமே கட்டுவது எனக்கு வசதியாக இருந்தது. துணை எப்போதும் சுவர்ப் பக்கம். பெட்டியைத் திருப்பிவிட்டோம், போதும் என்று மனசு சொல்லிவிட்டது. படித்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு இது.

அப்படியானால் இத்தனை மாதமாக இவை எல்லாம் துணையிடம் போய் உட்கார்ந்தனவா, சூட்டிடம் போய் உட்கார்ந்தனவா? யாருக்கும் தெரியாது. அரைக்காதனுக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். சுவரில் கை வைத்துப் பார்த்தார். கையை எடுக்காமலே கேட்டார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"ஆரம்பத்துலேர்ந்து சார்."

"எல்லாமே?"

"எல்லாமே."

திட்டுவார் என்று நினைத்தேன். "உக்காரும்மா, உன் முகமே சரியில்ல" என்றார். பிறகு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யலாம், நவம்பருக்குப் பிறகும் ஆறு மாதம் இருக்க முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எல்லோரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று அறைக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு என்னையே சோதித்துப் பார்த்தேன். திரும்பி வந்துவிடலாம் என்று சில நாள் தோன்றுவது உண்டு. அப்போதெல்லாம் என் கண்ணில் வருவது எது? கிழக்கு ஜன்னலில் விழுகிற வெயில். என் புத்தக அலமாரி. இருட்டில்கூடக் கை தானாகப் போய் நிற்கிற சுவிட்சுகள். கீழ்வீட்டு அக்கா எதையும் கேட்காமல் சிரிக்கிற சிரிப்பு. கல்யாணமானவள் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்காத நிம்மதி. உங்கள் முகம் வருகிறது, ஆனால் அதற்கெல்லாம் பிறகு, கொஞ்சம் தாமதமாக. இவ்வளவும் சுவர்ச் சூடு. இதையெல்லாம் எடுத்துவிட்டால் நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவேனா என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். பதில் எழுத வேண்டும் என்பதில்லை.

இப்படிக்கு,
நான்

~

அக்டோபர் 8

அன்புள்ள உனக்கு,

இதில் மிருகம் எதுவும் வராது. வந்தால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவது என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு தொந்தரவு உண்டு. சிலர் போர்டில் இருக்கிற எழுத்தைக் கண்ணால் படிக்க மாட்டார்கள். வெளியே காத்திருக்கும்போதே மற்றவர்கள் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள். உள்ளே வந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று சொல்வார்கள். நாமும் கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவோம். அவர்கள் ஏமாற்றுவது எங்களை இல்லை. கண் கெட்டுப் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குப் பயம். இதுவரை உனக்கு எழுதிய கடிதங்களை எடுத்துப் பார்த்தால் நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

எந்த லட்சம் வருஷமும் என்னைத் தள்ளவில்லை. முதல் நாள் அவள் மாதிரிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனாள். போன் செய்து சொன்னால் மறுநாள் யாராவது வந்து வாங்கிப் போயிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது இறங்கிவிடலாம் என்று தோன்றியது. இறங்கவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் அப்படி ஓர் இடம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் முடிவு செய்தது நான்தான். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒருத்தி நான் பேசுவதைப் புதுசாகக் கேட்பது பிடித்திருந்தது. நீ மோசமாக நடந்துகொண்டாய் என்றோ, வீட்டில் குறை என்றோ எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

காய்ச்சல் வாரத்தில் சொன்ன வாக்கியம். நீ நேராகக் கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் கேட்டிருக்கிறாய். அன்று போன் செய்தது அவள்தான். "உன்ன இப்படி விட்டுட்டு நான் எங்க போறது" என்று சொன்னபோது அதில் பாதி நிஜம். உன் நெற்றி கொதித்தது, துணி வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை. மீதிப் பாதி, இன்று போனால் மாட்டிக்கொள்வேன் என்ற பயம். எது எவ்வளவு என்று அளந்து சொல்ல என்னிடம் லென்ஸ் இல்லை. முழுவதும் நிஜம் என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும். எழுத மனம் வரவில்லை.

நீ கேட்ட மற்றதையும் கேட்டுப் பார்த்தேன். எனக்கு இந்த வீடு பெரிய சூடாகத் தெரியவில்லை. நீ போன பிறகு கட்டிலில் படுக்காமல் கூடத்தில்தான் படுக்கிறேன். ஆனால் இதையும் நம்பாதே. நான் வெகுநாளாக மனப்பாடம் சொல்லிப் பழகியவன்.

ஒப்பந்தம் பற்றி நீ என்ன சொன்னாலும் சரி.

கண்ணாடிக்காரன்

~

நவம்பர் 14

அன்புள்ள உங்களுக்கு,

பதிலுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வேலைகளைச் செய்துகொண்டிருந்தேன்.

பாதி நிஜம் என்ற வரியைப் படித்துவிட்டு அன்று முழுவதும் எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்த ஒரே வாக்கியத்தையும் உடைத்துக் கையில் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் இந்தக் கடிதங்கள் எல்லாவற்றிலும் உங்களுக்கு எந்த லாபமும் தராத வரி அது ஒன்றுதான். அதனால் அதை நம்புகிறேன். பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. முழுசாக வைத்துக்கொண்டிருந்தபோது தினமும் எடுத்துச் சந்தேகப்பட்டுப் பார்ப்பேன். இப்போது எடுத்துப் பார்ப்பதில்லை.

சோதனைகளை மறுபடி செய்துகொண்டிருக்கிறோம். துணை குளிர்ப் பக்கம், புதியவள் சூட்டுப் பக்கம், அப்புறம் மாற்றி. சில எலிகள் சூட்டோடு உட்கார்ந்துவிட்டன. சில துணையைத் தேடிக் குளிருக்குப் போயின. ஒன்று நடு அறையிலேயே சுருண்டு படுத்துக்கொண்டு யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "இது என்னை மாதிரி" என்று பேராசிரியர் சிரித்தார். போன வாரம் அரைக்காதன் முறை வந்தது. அவன் எந்தப் பக்கம் உட்கார்ந்தான் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களோ நானோ அவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிடுவோம். அவன் பாவம், அவனை விட்டுவிடலாம். அவன் உட்கார்ந்ததற்கு அவனுக்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். அது அவனுடையது.

ஆறு மாதம் இங்கேயே இருக்க ஒத்துக்கொண்டுவிட்டேன்.

வீட்டை விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம். என் புத்தகங்களை அட்டைப் பெட்டிகளில் போட்டு உங்கள் அம்மா வீட்டுப் பரணில் வையுங்கள். அவர் கேட்டால், இரண்டு பேருக்கு அவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்த ஜன்னல் இனி யாருக்காவது இருக்கட்டும். நான் அங்கே திரும்பி வந்தால், எதற்காக வந்தேன் என்று எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போய்விடும்.

இதற்குப் பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது உங்கள் விருப்பம். கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். டிசம்பரில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வரத் தோன்றினால், வரலாம். இங்கே எந்த வசதியும் இல்லை. கீழே டயர் கடை, ஞாயிறும் திறந்திருக்கும். நாற்காலி ஒன்றுதான், யாராவது ஒருவர் கட்டிலில் உட்கார வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுத் தொட்டி இன்னும் வழிந்துகொண்டுதான் இருக்கிறது. பெட்டி எடுத்து வர வேண்டாம், சாயங்கால ரயிலில் திரும்பிவிடலாம். எனக்கு அதற்குமேல் தாங்காது. பேசலாம். குரலைக் கேட்டுப் பழக எனக்கு நாள் பிடிக்கும். வராவிட்டாலும் நான் ஏன் என்று கேட்டு எழுதமாட்டேன்.

உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். சூட்டை எடுத்துவிட்டுக் குளிர்ப் பக்கத்தில் என்னைக் கட்டி வைத்துக்கொண்டு, நீங்கள் வருகிறீர்களா என்று பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். எழுத உட்கார்ந்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். அப்படி இல்லை. சோதனை என்றால் எலி எந்தப் பக்கம் போனாலும் பார்க்கிறவளுக்கு ஒன்றுதான் என்று இருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை.

இப்படிக்கு,
எலி டாக்டர்